பயணத்தில் சமைக்காத உணவு: ஒரே வரியில் முடிகிற விஷயமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் நலவாழ்வுப் பக்கத்தில் சமைக்காத உணவு முறை பற்றி வந்த கட்டுரையைப் படித்தோம். வீட்டில் இதை எப்படித் தொடங்குவது என்று பொறுமையாகச் சொல்லியிருந்த கட்டுரை, கடைசியில் "பழங்கள் எங்கும் கிடைப்பதால் பயணத்திலும் இதைத் தொடர்வது எளிது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. அந்த வரியை நம்பி மூட்டை கட்டுகிறவர் இரண்டாம் நாளே வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுக்க நேரலாம். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளம்தான், பொறுத்தருள வேண்டும்.

வீட்டில் பச்சையாகச் சாப்பிட்டும் ஒன்றும் ஆகாமல் இருப்பதற்கு மூன்று காரணங்கள் உண்டு. கழுவுகிற தண்ணீர் நமக்குத் தெரிந்த தண்ணீர். வெட்டுகிற கத்தியும் பலகையும் நம்முடையவை. வெட்டியதில் மிஞ்சியது உடனே குளிர்பதனப் பெட்டிக்குள் போய்விடுகிறது. வாசற்படி தாண்டியதும் இந்த மூன்றும் கைவிட்டுப் போகின்றன. சமைத்துச் சாப்பிடுகிறவருக்கு இது பெரிய இழப்பில்லை, கடைசியில் தீ எல்லாவற்றையும் சரிசெய்துவிடும். தீயை விலக்கியவருக்கு அந்தக் கடைசிக் காவல் கிடையாது. ஆகவே அவருடைய கவனம் முழுவதும் மூன்றே இடங்களில் இருக்க வேண்டும்: பழத்தின் தோல், கழுவும் தண்ணீர், வெட்டியபின் கடந்த நேரம்.

பயணிகளுக்கு மருத்துவர்கள் காலங்காலமாகச் சொல்லிவரும் அறிவுரை ஒன்று உண்டு: கொதிக்க வை, வேகவை, தோலுரி, முடியாவிட்டால் தொடாதே. இதில் முதல் இரண்டும் நமக்கு இல்லை. மிஞ்சுவது தோலுரிப்பது ஒன்றுதான். வாழைப்பழம், ஆரஞ்சு, மாம்பழம், அவகாடோ போன்றவை எந்த ஊரிலும் முதல் தேர்வாக இருப்பதற்கு இதுவே காரணம். கீறல் இல்லாத தோல், நன்கு கழுவிய கை, வெட்டிய உடனே வாய். இந்த வரிசை குலையாதவரை ஆபத்து மிகக் குறைவு. தோல் வெடித்த பழம், காம்பைச் சுற்றிக் கன்றிப்போன பழம், பூச்சி துளைத்த பழம் ஆகியவற்றை விலை குறைவு என்பதற்காக வாங்க வேண்டாம். கிருமி உள்ளே போவதற்கு ஊசிமுனை அளவு வழி போதும்.

தோலிருந்தும் ஏமாற்றுகிற பழம் ஒன்று உண்டு, அது முலாம்பழம். மேல் தோல் வலைபோல் சொரசொரப்பாக இருக்கிறதே, அந்தப் பள்ளங்களில் மண்ணும் ஈரமும் தங்கும். உள்ளே சதையில் புளிப்பு கிடையாது, கிருமிக்கு இடைஞ்சல் செய்ய ஒன்றுமில்லை. கத்தி மேல்தோலில் இறங்கும்போது அங்கே இருந்ததையெல்லாம் இழுத்துக்கொண்டு நடுச்சதை வரை போகிறது. 2011-ல் அமெரிக்காவில் முலாம்பழம் வழியாகப் பரவிய லிஸ்டீரியா நோயில் 33 பேர் இறந்தார்கள். அதனால் இதை வெட்டுவதற்கு ஒரு முறை வேண்டும். முதலில் ஓடும் குடிநீரில், பழத்துக்கென்றே வைத்திருக்கும் சிறு தூரிகையால் எல்லாப் பக்கமும் தேய்க்க வேண்டும். சுத்தமான துணியாலோ காகிதத்தாலோ ஈரம் போகத் துடைக்க வேண்டும். இரு முனைகளையும் நறுக்கிவிட்டுத் தோலை மட்டும் மேலிருந்து கீழாகச் சீவ வேண்டும். பிறகு இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள்: தோல் சீவிய கத்தியையும் பலகையையும் கையையும் ஒருமுறை கழுவிவிட்டு அப்புறம்தான் சதையைத் துண்டு போட வேண்டும். கழுவாமல் தொடர்ந்தால், சீவித் தள்ளிய அழுக்கை நாமே எடுத்துச் சதையில் தடவியதாகிவிடும்.

வெட்டிய எந்தப் பழமும் வெளியில் 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. வெயில் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் 1 மணி நேரம்தான் கணக்கு. 5 முதல் 60 டிகிரி வரையிலான வெப்பம் கிருமிகளுக்குத் தொட்டில் போன்றது, அவற்றில் பல 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பெருகக்கூடியவை. விடுதிகளின் காலை உணவு மேசையில் அழகாக அடுக்கியிருக்கும் பழத்துண்டுகள் எப்போது வெட்டப்பட்டவை, யார் கத்தியால், எந்தத் தண்ணீர் தெளித்து என்பது நமக்குத் தெரியாது. தட்டு பனிக்கட்டியில் பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் முழுப் பழம் கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள். வெளியில் பிழிந்த சாறு, பனிக்கட்டி போட்ட பானம் இரண்டுக்கும் இதே நியாயம்தான். பழம் நல்லதாக இருந்தாலும் பிழியும் கருவியின் சல்லடையை யார் கழுவினார்கள் என்ற கேள்வி நிற்கிறது.

கழுவுவதில் அதிகம் பேர் அறியாத நுட்பம் ஒன்று. வெயிலில் சூடேறிய தக்காளியையோ மாம்பழத்தையோ சில்லென்ற தண்ணீரில் முக்கினால், உள்ளேயிருக்கும் காற்று சுருங்குகிறது. சுருங்கும்போது காம்பு இருந்த வடு வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்கிறது. தண்ணீர் அசுத்தமானால் கிருமி நேராகப் பழத்தின் நடுவுக்கே போய்விடும், பிறகு மேலே எத்தனை முறை தேய்த்தாலும் பயனில்லை. 1999-ல் அமெரிக்காவில் மாம்பழம் வழி பரவிய சால்மோனெல்லா தொற்றிலும், ஈக்களை ஒழிக்க வெந்நீரில் முக்கிய பழங்களைப் பிறகு குளிர்நீரில் இட்டதே காரணமாகக் கருதப்பட்டது. ஆகவே பழத்தை முதலில் நிழலில் ஆற விடுங்கள். தொட்டியில் மிதக்கவிட்டு விற்கும் பழங்களைத் தவிருங்கள். கழுவும்போது முக்கி வைக்காமல், காம்பு வடு கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்து மேலிருந்து தண்ணீர் ஊற்றுங்கள்.

தோல் இல்லாதவற்றின் கதை வேறு. கீரை, லெட்டூஸ், கொத்தமல்லி, ஸ்ட்ராபெரி, ராஸ்பெரி இவையெல்லாம் பாய்ச்சிய தண்ணீர் எதுவோ அதையே தாங்கி நிற்பவை. பயணத்தின்போது இவற்றை விட்டுவிடுங்கள் என்பதுதான் எங்கள் யோசனை. சில வாரங்கள் ஒரே ஊரில் தங்குகிறீர்கள், விட மனமில்லை என்றால், குளோரின் கரைசல் ஒன்றுதான் ஓரளவு நம்பத் தக்கது. வாசனை சேர்க்காத, 5 விழுக்காடு வலிமையுள்ள வீட்டு உபயோக பிளீச் 2 மி.லி. எடுத்து 1 லிட்டர் குடிநீரில் கலந்தால் பத்து லட்சத்தில் 100 பங்கு குளோரின் கிடைக்கும். லெட்டூஸின் அடிக்கட்டையை வெட்டி எறிந்துவிட்டு இலைகளைத் தனித்தனியாகப் பிரியுங்கள். இலை தண்டோடு சேரும் குழிவில் ஒரு சிட்டிகை மண் இருப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அந்த மண் முழுவதும் போக முதலில் வெறும் தண்ணீரில் அலச வேண்டும். மண்ணோடு கரைசலில் போட்டால் குளோரின் மண்ணோடு மல்லுக்கட்டியே தீர்ந்துபோகும், கிருமிக்கு ஒன்றும் மிஞ்சாது. அலசியபின் 5 நிமிடம் கரைசலில் முழுக வைத்து, மறுபடி குடிநீரில் அலசி, உதறி, உடனே சாப்பிட வேண்டும். ஒரு முறை பயன்படுத்திய கரைசலை அடுத்த கட்டுக்கு வைத்துக்கொள்ளக் கூடாது. பிளீச்சோடு வினிகரைச் சேர்த்துவிடாதீர்கள், நச்சு வாயு கிளம்பும்.

இவ்வளவு செய்தும் குளோரினுக்கு மசியாத உயிர்கள் உண்டு. சைக்ளோஸ்போரா என்ற ஒட்டுண்ணி அவற்றில் ஒன்று. 1996-ல் வட அமெரிக்காவில் ராஸ்பெரிப் பழங்கள் மூலம் 1,400-க்கும் மேற்பட்டோருக்கு வாரக்கணக்கில் வயிற்றுப்போக்கை உண்டாக்கியது அதுதான். ராஸ்பெரியின் முத்துமுத்தான மேற்பரப்பில் தூரிகையும் போகாது, மருந்தும் போகாது. உப்புத் தண்ணீர், வினிகர், பொட்டாசியம் பர்மாங்கனேட் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். உப்பு சிறு புழுக்களை உதிர்க்க உதவும். வினிகர் கிருமிகளின் எண்ணிக்கையைக் குறைக்கும், ஒழிக்காது. பர்மாங்கனேட்டின் இளஞ்சிவப்பு நிறம் தருகிற தைரியத்துக்கு ஈடாக அது வேலை செய்வதில்லை. சோப்புப் போட்டுக் கழுவுவது வேண்டவே வேண்டாம், பழத்தின் தோல் சோப்பை உள்வாங்கிக்கொள்ளும்.

கழுவும் தண்ணீரே சந்தேகமாக இருந்தால் அதைத் தளதளவெனக் கொதித்தபின் 1 நிமிடம் விட்டு ஆறவைத்துப் பயன்படுத்துங்கள். கடல்மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேலான மலைப்பகுதியில் 3 நிமிடம் தேவை, அங்கே தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். சாப்பாட்டில் தீயை விலக்கியவர்கள் தண்ணீரிலும் விலக்கத் தேவையில்லை. அறையில் ஒரு மின்கெண்டி இருந்தால் அதுவே பெரிய துணை. கைக்குச் சோப்பும் தண்ணீரும்தான் முதன்மை. சாராயம் கலந்த கைக்கழுவி, வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கும் நோரோவைரஸிடம் அவ்வளவாகச் செல்லுபடியாகாது.

முளைகட்டிய தானியங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சமைக்காத உணவுக்காரர்களுக்கு அது உயிர். ஈரத் துணியில் பயறைக் கட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டு பயணம் போகிற பழக்கம் பலரிடம் உண்டு. விதை முளைவிடக் கேட்பது ஈரமும் 20 முதல் 30 டிகிரி வெப்பமும். கிருமி கேட்பதும் அதேதான். விதையின் வெடிப்புக்குள் ஒன்றிரண்டு கிருமி இருந்தாலும், முளைக்க எடுக்கும் இரண்டு நாளில் அது கோடிக்கணக்காகிவிடும். பார்வைக்கும் மணத்துக்கும் ஒரு மாற்றமும் தெரியாது. 2011-ல் ஜெர்மனியை உலுக்கிய ஈ.கோலை தொற்றுக்குக் காரணம் வெந்தய முளைகள். ஏறத்தாழ 4,000 பேர் நோயுற்றார்கள், 50-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. முளையைக் கழுவினால் போதாது, விதைக்குள்ளேயே இருக்கும் கிருமியைத் தண்ணீர் தொடாது. வீட்டில் நல்ல விதை, நல்ல தண்ணீர், நாளுக்கு மூன்று முறை அலசல் என்று செய்கிறவர்களும்கூடப் பயணத்தில் இதை நிறுத்திவிட வேண்டும் என்று அழுத்தமாகக் கேட்டுக்கொள்கிறோம். அந்தச் சத்துக்கு மாற்றாகப் பாதாம், சூரியகாந்தி விதை, பூசணி விதை இருக்கின்றன. இவற்றை இரவு முழுக்க ஊறவைப்பதென்றால் குடிநீரில் 8 மணி நேரம் ஊறவைத்து, காலையில் வடித்து அலசி, ஒரே வேளையில் தீர்த்துவிட வேண்டும். மிஞ்சியதை மதியத்துக்கு எடுத்துப் போகக் கூடாது.

அடுத்தது அளவு. பயணத்தில் இந்த முறையைக் கைவிட்டவர்களில் பெரும்பாலோர் நோயால் விடவில்லை, பசியால் விட்டார்கள். பச்சை உணவில் தண்ணீர் அதிகம், ஆற்றல் குறைவு. 100 கிராம் வெள்ளரியில் சுமார் 15 கலோரி, ஆப்பிளில் 52, அவகாடோவில் 160, பேரீச்சையில் 280, பாதாமில் 580. ஆப்பிளை மட்டும் தின்று 2,000 கலோரி சேர்க்க வேண்டுமானால் ஏறத்தாழ 4 கிலோ வேண்டும், வெள்ளரியானால் 13 கிலோ. யாராலும் ஆகாது. காய்கறித் தட்டு ஒன்றைச் சாப்பிட்டுவிட்டு மூன்று மணி நேரத்தில் தலை சுற்றுகிறது என்பவர்களுக்குக் காரணம் இதுதான். ஒரு நாள் பயணத்துக்கான பையை இப்படிக் கட்டலாம்: நடுத்தர வாழைப்பழம் 4, ஆப்பிள் 2, ஆரஞ்சு 2, கேரட் 3, பேரீச்சை 100 கிராம், பாதாம் 100 கிராம், சூரியகாந்தி விதை 30 கிராம். மொத்தம் 1,850 கலோரி அளவுக்கு வரும், எடை 2 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. உயரமானவர்களும் நாள் முழுக்க நடப்பவர்களும் இன்னும் 50 கிராம் கொட்டைப் பருப்பு சேர்த்துக்கொள்ள வேண்டும். பருப்பையும் பேரீச்சையையும் கடைசிக்கு ஒதுக்காமல் வேளைக்குக் கொஞ்சமாகப் பழத்தோடு சேர்த்துச் சாப்பிட்டால் பசி தாங்கும்.

பை கட்டுவதிலும் சூட்சுமம் இருக்கிறது. பழுத்த வாழையும் ஆப்பிளும் எத்திலீன் என்ற வாயுவை விடுகின்றன. பக்கத்தில் வெள்ளரி இருந்தால் மஞ்சளாகித் தளர்ந்துபோகும், கேரட் இருந்தால் கசக்கத் தொடங்கும். ஆகவே பழத்துக்கு ஒரு பை, காய்க்கு ஒரு பை. வாழைப்பழத்தை 13 டிகிரிக்குக் கீழ் குளிரில் வைத்தால் தோல் கறுத்து, பழுப்பதும் நின்றுவிடும், குளிர்காப்புப் பெட்டியில் திணிக்காதீர்கள். மூன்று நாள் பயணமென்றால் மூன்று பக்குவத்தில் வாங்குங்கள்: இன்றைக்குப் பழம், நாளைக்குச் செங்காய், மறுநாளுக்குக் காய். அவகாடோவுக்கும் இதே கணக்கு, காம்புப் பக்கம் மெல்ல அழுத்தினால் இணங்கிக் கொடுப்பது இன்றைக்கு உரியது. எதையும் கிளம்பும் முன்பே கழுவிக் கட்டாதீர்கள். ஈரத்தோடு பையில் போன பழம் மறுநாளே பூஞ்சை பிடிக்கும். சாப்பிடும் நேரத்தில் கழுவுவதே முறை.

சாப்பாட்டுக்கு வழியில்லாத நாளுக்கென்று உலர்த்திய உணவு கொஞ்சம் கையோடு இருக்கட்டும். ஆளிவிதை 1 கப், தண்ணீர் ஒன்றரை கப், நறுக்கிய தக்காளி, உப்பு சேர்த்து ஊறவைத்தால் சில மணி நேரத்தில் பசைபோலாகும். அதை 3 மி.மீ. கனத்தில் பரப்பி, 45 டிகிரியை ஒட்டிய சூட்டில் உலர்த்தியில் வைத்து, மேல் காய்ந்ததும் திருப்பிப் போட்டு, ஒடித்தால் சடக்கென்று ஒடியும் வரை காயவைக்க வேண்டும். வளைந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது, பூஞ்சை வரும். பழத்துண்டுகளை உலர்த்தினால் தோல்போல் வளைய வேண்டும், அழுத்தினால் ஈரம் கசியக் கூடாது. உடனே பையில் அடைக்காமல் கண்ணாடிப் புட்டியில் முக்கால் அளவு போட்டு ஒரு வாரம் தினமும் குலுக்குங்கள். உள்பக்கக் கண்ணாடியில் முத்துமுத்தாக நீர் பூத்தால் மறுபடி உலர்த்த வேண்டும். இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: 45 டிகிரிச் சூடு எந்தக் கிருமியையும் கொல்லாது, ஈரம் இல்லாததால் அது வளராமல் கிடக்கிறது, அவ்வளவுதான். உலர்த்தும் முன் கழுவுவதில் சோம்பல் கூடாது. சியா விதை கொண்டு போகிறவர்கள் 2 மேசைக்கரண்டி விதையை ஒரு கப் தண்ணீரில் 20 நிமிடம் ஊறவைத்தே சாப்பிட வேண்டும். உலர்ந்தபடி விழுங்கித் தண்ணீர் குடித்தால் தொண்டையிலேயே ஊதி அடைத்துக்கொள்ளும்.

விமானத்தில் போகிறவர்களுக்குச் சில விவரங்கள். கைப்பையில் 100 மி.லி.க்கு மேற்பட்ட புட்டியில் திரவம் கூடாது என்று 2006 முதல் நடைமுறையில் உள்ள விதி தண்ணீருக்கு மட்டும் என்று நினைத்துப் பலர் ஏமாறுகிறார்கள். பருப்பு அரைத்த வெண்ணெய், பழக்கூழ், இளநீர், தேன் எல்லாம் திரவக் கணக்கில்தான் வரும். சில விமான நிலையங்களில் புதிய கருவிகள் வந்தபின் இது தளர்ந்திருக்கிறது. ஆனாலும் திரும்பி வரும் நிலையத்தில் பழைய விதி இருக்கலாம். முழுப் பழமும் காயும் பருப்பும் சோதனையைத் தாண்டிவிடும். கத்தி கைப்பையில் கூடாது, பதிவுப் பெட்டிக்குள் போகட்டும். அன்றைய தேவைக்கு உரித்துத் தின்னக் கூடியவையே போதும்.

சிறப்பு உணவு கேட்கும் வசதியைப் பயன்படுத்துங்கள். பச்சைக் காய்கறி உணவுக்கு ஆர்.வி.எம்.எல்., பழத்தட்டுக்கு எஃப்.பி.எம்.எல். என்பவை விமான நிறுவனங்கள் பொதுவாகப் பயன்படுத்தும் குறியீடுகள். எல்லா நிறுவனத்திலும் இரண்டும் இருக்காது. குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன் பதிந்துவிட வேண்டும், மாற்று விமானம் ஏறினால் அந்தப் பகுதிக்கும் தனியாகப் பதிவாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பழத்தட்டில் 300 கலோரி கூட இருக்காது, ஆகவே கைப்பையில் பருப்பு கட்டாயம். பறக்கும்போது அறைக்குள் உள்ள காற்றழுத்தம் 1,800 முதல் 2,400 மீட்டர் உயர மலையில் இருப்பதற்குச் சமம். குடலில் உள்ள வாயு அங்கே கால் பங்குக்கும் மேலாக விரிகிறது. ஏறுவதற்கு முந்தைய வேளையில் பச்சை முட்டைக்கோஸ், பூக்கோசு, புரோக்கோலி, வெங்காயம் சாப்பிட்டவர்கள் வயிறு உப்பித் தவிப்பது இதனால்தான்.

இறங்கியபின் வருவது எல்லைச் சோதனை. பழம், காய், விதை எல்லாமே பயிர்நோயைக் கடத்தும் சரக்காகத்தான் எல்லையில் பார்க்கப்படும். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளியிலிருந்து எடுத்துச்செல்லும் பழங்களுக்கு 2019 டிசம்பர் 14 முதல் பயிர்நலச் சான்றிதழ் வேண்டும். அன்னாசி, தேங்காய், துரியன், வாழை, பேரீச்சை இந்த ஐந்துக்கு மட்டும் விலக்கு. நியூசிலாந்தில் அறிவிக்காமல் வைத்திருந்த ஓர் ஆப்பிளுக்கும் அந்நாட்டுப் பணத்தில் 400 டாலர் அபராதம் விழும். ஆஸ்திரேலியாவும் இதே கண்டிப்பு. மாட்டிக்கொள்பவர்கள் கடத்தல்காரர்கள் இல்லை, விமானத்தில் கொடுத்த பழத்தைப் பைக்குள் போட்டு மறந்தவர்கள். தரையிறங்கும் முன் பையைத் தடவிப் பார்த்து மிஞ்சியதைத் தின்றுவிடுங்கள் அல்லது விமானத்திலேயே விட்டுவிடுங்கள். படிவத்தில் 'உணவு இருக்கிறது' என்று குறித்தவரிடம் பொருளை வாங்கிக்கொள்வார்களே தவிர அபராதம் கேட்க மாட்டார்கள். இறங்கிய முதல் வேளைக்கு எதுவும் கையில் இருக்காது என்று கணக்கு வைத்தே போக வேண்டும்.

புது ஊரில் புதுக் காயையும் கிழங்கையும் கண்டால் ஆவல் பிறப்பது இயல்பு. பச்சையாகத் தின்னவே கூடாதவை உண்டு. சிவப்பு ராஜ்மாவில் உள்ள நச்சுப் புரதத்தால் நான்கைந்து பச்சை விதையே சில மணி நேரத்தில் கடும் வாந்தியை உண்டாக்கும், முளைகட்டினாலும் முழுதாகப் போகாது. மரவள்ளிக்கிழங்கிலும் மூங்கில் குருத்திலும் சயனைடு விடும் பொருள் உண்டு. பச்சை படர்ந்த உருளைக்கிழங்கு, கசப்புப் பாதாம், சேம்பு இவையும் இந்தப் பட்டியல்தான். உள்ளூர்க்காரர்கள் வேகவைத்தே தின்கிற ஒன்றை நாம் பச்சையாகச் சோதித்துப் பார்க்க வேண்டாம். 'பச்சை' என்று அச்சிட்ட முந்திரி உண்மையில் பச்சை இல்லை, ஓட்டில் உள்ள அரிக்கும் எண்ணெய்க்காக ஆவியிலோ வறுத்தோதான் அதை உடைக்கிறார்கள். அமெரிக்காவில் விளையும் பாதாமும் அந்நாட்டுக் கடைகளுக்கு 2007 முதல் கிருமிநீக்கம் செய்யப்பட்டே வருகிறது. கொள்கைக்கு இது குறை என்று சிலர் வருந்தலாம், பயணத்தில் இது நமக்கு நன்மை.

பச்சை மீன், பச்சைப் பால், பச்சை முட்டையையும் இந்த முறையில் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். மீனை மைனஸ் 20 டிகிரியில் 7 நாள் உறைய வைத்தால் புழுக்கள் சாகும், கிருமிகள் சாகாது. காய்ச்சாத பாலைப் பயணத்தில் தொட வேண்டாம், இதில் விட்டுக்கொடுப்பதற்கு ஒன்றுமில்லை.

கர்ப்பிணிகள், 5 வயதுக்குட்பட்ட குழந்தைகள், முதியவர்கள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள், உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள் பயணத்தில் இந்த முறையைக் கடைப்பிடிக்கக் கூடாது என்று தெளிவாகவே சொல்கிறோம். லிஸ்டீரியா கர்ப்பிணிக்குச் சாதாரணக் காய்ச்சலாக வந்து கருவைக் கலைத்துவிடக்கூடியது. சிறுநீரக நோயாளிகளுக்கு வாழைப்பழத்தின் பொட்டாசியம் ஆபத்து. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் திடீரென்று கீரையைக் கூட்டினாலும் குறைத்தாலும் மருந்தின் வேகம் மாறும். மற்றவர்கள் கிளம்புவதற்கு இரண்டு வாரத்துக்கு முன்பே மருத்துவரைக் கண்டு ஹெபடைடிஸ் ஏ, டைஃபாய்டு தடுப்பூசிகள் தேவையா என்று கேட்டுக்கொள்வது நல்லது. முழுத் தாவர உணவு உண்பவர்கள் பி12 மாத்திரையைப் பயணத்திலும் விடக் கூடாது. நாளுக்கு 2.4 மைக்ரோகிராம் உடலுக்குத் தேவை, எந்தப் பழத்திலும் காயிலும் அது கிடையாது.

இத்தனைக்கும் பிறகு வயிறு கெட்டால் செய்ய வேண்டியது: பச்சை உணவை அன்றே நிறுத்துங்கள். "பழச்சாறு குடித்தால் சுத்தமாகிவிடும்" என்று சொல்பவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். பழச்சாற்றின் சர்க்கரை குடலுக்குள் தண்ணீரை இழுத்துப் போக்கை அதிகமாக்கும். உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் இரண்டு எப்போதும் பையில் இருக்கட்டும். இல்லாதபோது கொதித்து ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் சர்க்கரை 6 தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, இரண்டையும் தலைதட்டி அளந்து கரைத்து, ஒவ்வொரு முறை போனபின்னும் ஒரு குவளை மெல்ல மெல்லக் குடிக்க வேண்டும். உப்பு அளவு கூடிவிடக் கூடாது, கண்ணீரைவிடக் கரிப்பாக இருந்தால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்க வேண்டும். மலத்தில் ரத்தம், 38.5 டிகிரிக்கு மேல் காய்ச்சல், குடித்தது தங்காத வாந்தி, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் கழியாமை இவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். ரத்தமோ காய்ச்சலோ இருக்கும்போது போக்கை நிறுத்தும் மாத்திரையைத் தாமாக விழுங்கக் கூடாது. பசி திரும்பியதும் குழைய வேகவைத்த சோறு, உருளைக்கிழங்கு, கேரட் ஆகியவற்றைச் சாப்பிடலாம். அதைக் கொள்கைத் தோல்வியாக நினைக்கத் தேவையில்லை. மலம் இறுகி முழுதாக இரண்டு நாள் ஆனபிறகு, நாமே உரித்த வாழைப்பழம் ஒன்றோடு மறுபடி தொடங்கலாம்.

இப்படிக்கு,
சமைக்காத உணவு முறையைப் பின்பற்றும் வாசகர்கள்